கடினமான அறிவியல் பாடத்துக்கு யாரிடம், எப்படி உதவி கேட்பது

கல்லூரியில் கரிம வேதியியலோ வெப்ப இயக்கவியலோ மின்காந்தவியலோ கைநழுவிப் போகத் தொடங்கியதும் பெரும்பாலான மாணவர்கள் முதலில் தேடுவது ஆளைத்தான். நல்ல டியூஷன் எங்கே, நன்றாக நடத்துபவர் யார், எந்த வீடியோவில் தெளிவாக இருக்கிறது என்று விசாரிப்பார்கள். அங்கே தொடங்கினால் பாதி உழைப்பு வீணாகிவிடும். எந்த வரியில் நின்றுபோனோம் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், உதவ வருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாடத்தை முதலிலிருந்துதான் நடத்துவார். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த முக்கால் பங்கும் தெரியாத கால் பங்கும் ஒரே வேகத்தில் கடந்துபோகும். நேரம் தீர்ந்துவிடும், முடிச்சு அப்படியே இருக்கும். முடிச்சைக் கண்டுபிடித்த பிறகு ஆளைத் தேடுங்கள். யார் வேண்டும் என்பது அப்போது தானே தெரிந்துவிடும்.

முடிச்சைக் கண்டுபிடிப்பது

சிக்கலாக இருக்கும் அத்தியாயத்தின் இறுதியில் உள்ள கணக்குகளில் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எளியவை மூன்று, நடுத்தரம் ஐந்து, கடினமானவை இரண்டு. புத்தகத்தையும் குறிப்பையும் மூடிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 20 நிமிடம் ஒதுக்கி முயலுங்கள். பேனாவால் எழுதுங்கள். தவறென்று தோன்றினால் அழிக்காமல் ஒரே கோடு போட்டு அடியுங்கள், ஏனென்றால் பின்னால் உதவி செய்பவருக்கு அந்தத் தவறுதான் தடயம். நின்றுபோன இடத்தில் கோடு கிழித்து, “இதற்கு மேல் போகவில்லை, காரணம் இதுவாக இருக்கலாம்” என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஊகம் தவறாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதாமல் மட்டும் விடாதீர்கள். இரண்டு மாலைகளில் முடிந்துவிடும் வேலை இது.

பிறகு நின்ற இடங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகையில் தடை பாடத்தில் இருக்காது, அதற்கு அடியில் இருக்கும் கணிதத்தில் இருக்கும். தாங்கல் கரைசல் கணக்கு வரவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் வராதது மடக்கை (லாகரிதம்). ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாட்டின்படி, அமிலமும் அதன் இணைகாரமும் சம செறிவில் இருந்தால் பிஎச் மதிப்பு (கரைசலின் அமிலத்தன்மை அளவு) பிகேஏ மதிப்புக்கு (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) சமம். இணைகாரம் அமிலத்தில் பத்தில் ஒரு பங்கானால் பிஎச் சரியாக ஒன்று குறையும். அசெட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76, விகிதம் 0.1 என்றால் பிஎச் 3.76. கால்குலேட்டரைத் தொடாமல் இந்த 3.76-ஐச் சொல்ல முடியவில்லையா? உங்களுக்குத் தேவை மடக்கையில் இரண்டு மணி நேரப் பயிற்சி. வேதியியல் ஆசிரியரிடம் ஐந்து முறை போனாலும் இது தீராது. இயற்பியலில் இதே இடத்தில் வெக்டர் கூறுகளும் வகைக்கெழுவும் உட்கார்ந்திருக்கும். மரபியலில் நிகழ்தகவுப் பெருக்கல்.

இரண்டாவது, கருத்துப் பிழை. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு பருவம் முழுவதும் தடுமாறலாம். “தன்னிச்சையான வினை” என்றால் வேகமாக நடக்கும் வினை என்று நினைத்துக்கொள்வது அப்படிப்பட்ட ஒன்று. சாதாரண வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் வைரம் கிராஃபைட்டாக மாறுவது தன்னிச்சையானதுதான். ஆனாலும் மோதிரத்தில் இருக்கும் வைரம் எத்தனை தலைமுறை ஆனாலும் வைரமாகவே இருக்கிறது. வினை எந்தத் திசையில் போகும் என்பதைக் கட்டற்ற ஆற்றல் மாற்றம் சொல்கிறது. எவ்வளவு வேகத்தில் போகும் என்பது கிளர்வு ஆற்றலைப் பொறுத்தது. கரிம வேதியியலில் இதற்கு நிகரானது வளைந்த அம்புக்குறி. அது எலக்ட்ரான் இணையின் நகர்வைக் காட்டுகிறது. புதிதாகப் படிப்பவர்கள் அணு நகர்வதைக் காட்டுவதாக எண்ணி, புரோட்டானிலிருந்து அம்பைத் தொடங்குவார்கள். அந்த ஒரு பிழை திருந்தாமல் ஐம்பது வினைவழிமுறைகளை மனப்பாடம் செய்தாலும் ஐம்பத்தொன்றாவது வராது.

மூன்றாவது வகைதான் மிக அதிகம், பலரும் தவறாகக் கணிப்பதும் இதைத்தான். தீர்வைப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் புரிகிறது. வெற்றுத் தாளில் முதல் வரி வரவில்லை. இதை “பாடம் புரியவில்லை” என்று எடுத்துக்கொண்டு மேலும் விளக்கம் தேடிப் போவார்கள். விளக்கம் போதுமான அளவு கிடைத்தாயிற்று. எதைப் பார்த்து எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பயிற்சி இல்லை. அத்தியாயம் அத்தியாயமாகக் கணக்குப் போடும்போது வழியைப் புத்தகமே சொல்லிவிடுகிறது: ஆற்றல் அழிவின்மை அத்தியாயத்தில் இருக்கும் கணக்குக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். தேர்வுத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. இதற்கான மருந்து, மூன்று அத்தியாயங்களிலிருந்து நான்கு நான்காகப் பன்னிரண்டு கணக்குகளைக் கலந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடத்தில் திட்டத்தை மட்டும் எழுதுவது. எந்த விதி, ஏன் அது, முதல் சமன்பாடு என்ன, அவ்வளவுதான். விடை வரை போக வேண்டாம். உதவி கேட்கும்போதும் “எப்படிப் போடுவது?” என்று கேட்காமல் “கேள்வியில் எதைப் பார்த்து இந்த வழி என்று முடிவு செய்தீர்கள்?” என்று கேளுங்கள்.

நான்காவது, அலகும் குறியும் கருவியும். இதற்கு ஆள் தேவையில்லை, ஒரு பட்டியல் போதும். 30 டிகிரி சாய்தளத்தில் 2 கிலோகிராம் பொருளைக் கீழே இழுக்கும் விசை 9.8 நியூட்டன், உங்களுக்கு மைனஸ் 19.4 வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. வாயுக் கணக்கில் விடை ஏறத்தாழ 101 மடங்கு தவறினால், அழுத்தத்தை அட்மாஸ்பியரிலும் பருமனை லிட்டரிலும் வைத்துக்கொண்டு மாறிலிக்கு 0.0821-க்குப் பதில் 8.314 போட்டிருக்கிறீர்கள். இப்படி உங்களுக்கு மீண்டும் மீண்டும் வரும் பிழைகள் ஏழெட்டுக்கு மேல் இருக்காது. ஒரு அட்டையில் எழுதி மேசையில் வையுங்கள்.

தாய்மொழியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு ஆங்கிலத்தில் அறிவியல் படிப்பவர்கள் ஐந்தாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். சில சமயம் முடிச்சு சொல்லில்தான் இருக்கும். “நார்மல்” என்ற ஒரே சொல் இயந்திரவியலில் பரப்புக்குச் செங்குத்தான விசையையும், வேதியியலில் கரைசல் செறிவையும், புள்ளியியலில் ஒரு பரவலையும் குறிக்கிறது. அகராதி இதற்கு உதவாது. பாடப்புத்தகத்தின் வரையறையை உங்கள் மொழியில் ஒரு வாக்கியமாகவும் ஒரு எடுத்துக்காட்டாகவும் எழுதி வைத்துக்கொள்ளும் தனி நோட்டு உதவும். ஒரு அத்தியாயத்துக்குப் பதினைந்து சொற்கள் போதும்.

பாடம் நடத்தும் ஆசிரியரிடம்

கேள்வித்தாளை எழுதுபவர், விடைத்தாளைத் திருத்துபவர், எது முக்கியம் என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் ஒருவரே. அவரிடம் போகாமல் வெளியே அலைவது நேரத்தை வீணாக்கும். அவர் அறிவித்திருக்கும் சந்திப்பு நேரத்தில் போங்கள், அப்படி ஒரு நேரம் இல்லாத இடங்களில் வகுப்பு முடிந்ததும் “15 நிமிடம் எப்போது கிடைக்கும்?” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் வாசலில் வரிசை நிற்கும். பருவத்தின் இரண்டாம் மூன்றாம் வாரங்களில் யாரும் இருக்கமாட்டார்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: நின்றுபோன இரண்டு அல்லது மூன்று கணக்குகள், அவற்றில் உங்கள் முயற்சி எழுதிய தாள், பாடப்புத்தகம், பேனா. பத்துக் கணக்கையும் கொண்டுபோகாதீர்கள். 15 நிமிடத்தில் இரண்டுதான் நடக்கும். உங்கள் தடைகளுக்கு எடுத்துக்காட்டாக இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

“சார், இந்த அத்தியாயம் ஒன்றுமே புரியவில்லை” என்று தொடங்கினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. “மேடம், இந்தக் கணக்கில் நான்காம் வரி வரை வந்தேன். இங்கே வெப்பம் வெளியிலிருந்து வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் வெப்பநிலை குறைவது ஏன் என்று தெரியவில்லை” என்று தொடங்கினால், பதில் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும், மீதி 13 நிமிடமும் உங்களுடையது. அந்த நேரத்தில் கேட்கத் தகுந்தவை: இதே கருத்தைச் சோதிக்கும் வேறு கணக்கு எது? இந்த அனுமானம் எப்போது செல்லாது? என் விடையில் எந்த வரிக்கு மதிப்பெண் போகும்?

நேரில் தயக்கமாக இருந்தால் எழுதிக் கேளுங்கள். நல்ல மின்னஞ்சல் ஆறு வரியைத் தாண்டாது. இப்படி:

“வணக்கம் சார். இயற்பியல் வேதியியல், திங்கள்–புதன் பிரிவு மாணவன். 3ஆம் அத்தியாயம் 42ஆம் கணக்கில் மீள்முறையில் விரிவடையும் வாயுவின் வேலையைக் கணக்கிட்டேன். விடையின் அளவு சரியாக வருகிறது, குறி மட்டும் மாறுகிறது. என் தாளின் படத்தை இணைத்திருக்கிறேன். தவறு 4ஆம் வரியிலா, இல்லை நான் எடுத்துக்கொண்ட குறி மரபிலா? நாளைய சந்திப்பு நேரத்தில் வந்து பார்க்கலாமா?”

பொருள் வரியில் பாடக் குறியீடும் கணக்கு எண்ணும் இருக்கட்டும். படம் நேராகவும் வெளிச்சமாகவும் இருக்கிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஆசிரியர் பலகையில் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுவார், மாணவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். அறைக்கு வந்து உட்கார்ந்தால் ஒன்றும் வராது. அவர் எழுதும்போது புரிவது அவருடைய சிந்தனையின் ஓட்டம். உங்களுடையது இன்னும் உருவாகவில்லை. அவர் மூன்றாம் வரியைத் தாண்டும்போதே, “அடுத்த வரியை நான் முயலட்டுமா சார்?” என்று கேட்டுப் பேனாவை வாங்குங்கள். எந்த ஆசிரியரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

உதவி ஆசிரியர், லேப், சீனியர்

பயிற்சி வகுப்பு எடுக்கும் ஆய்வு மாணவர்கள் சமீபத்தில்தான் இதே பாடத்தை எழுதித் தேறியவர்கள். எங்கே வழுக்கும் என்று அவர்களுக்கு நினைவிருக்கும்; பல இடங்களில் விடைத்தாளைத் திருத்துவதும் அவர்களே. மூன்றாம் வகை முடிச்சுக்கு இவர்கள் ஆசிரியரைவிடவும் பயன்படலாம். லேப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியது வேறு: பிழைமதிப்பீடு, வரைபடத்தின் சாய்விலிருந்து மாறிலி கண்டுபிடிப்பது, பொருளுள்ள இலக்கங்கள். இவை எழுத்துத் தேர்விலும் வரும், ஆனால் வகுப்பில் யாரும் நிதானமாகச் சொல்லித் தருவதில்லை.

சீனியர்களிடம் பழைய கேள்வித்தாள் வாங்குங்கள், எந்த வாரத்தில் பாடம் திடீரென்று கனமாகும் என்று கேளுங்கள். பழைய தாளைப் பயன்படுத்தும் முன் சிலபஸ் அதேதானா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். விடைகளை மட்டும் வாங்காதீர்கள். கைமாறிக் கைமாறி வரும் விடைத் தொகுப்பில் ஒரு தவறு இருந்தால் வகுப்பே அதைச் சுமந்துகொண்டு தேர்வுக்குப் போகும்.

கல்லூரியின் உதவி மையம்

பல பல்கலைக்கழகங்களில் இலவசக் கற்றல் உதவி மையம் இருக்கிறது, பாதி மாணவர்களுக்கு அது தெரிவதில்லை. துறை அலுவலகத்திலும் நூலகத்திலும் கேளுங்கள். அங்கே நடக்கும் துணை வகுப்புகளின் முக்கியமான ஒரு வடிவம் 1973-இல் அமெரிக்காவின் மிசூரி–கேன்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கியது. அதன் அடிப்படை எண்ணம் எங்களுக்கு மிகவும் சரியாகப் படுகிறது: மாணவர்களில் யார் பலவீனம் என்று தேடாமல், பாடங்களில் எது கடினம் என்று தேடி, அந்தப் பாடத்துக்கு உதவியை அமைத்தார்கள். முன்பு அதே பாடத்தில் நன்றாகத் தேறிய ஒரு மாணவர் மறுபடியும் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்து, பிறகு வாரந்தோறும் குழுவாகக் கணக்குப் போட வைப்பார். உங்கள் பாடத்துக்கு இப்படி ஒன்று இருந்தால் முதல் வாரத்திலிருந்தே போங்கள். உதவி மையத்துக்குப் போவது தோற்றதன் அடையாளம் என்று எண்ணி ஒதுங்குபவர்கள்தான் கடைசியில் அதிகம் இழக்கிறார்கள்.

குழுவாகப் படிப்பது

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் கால்குலஸ் மாணவர்களைக் கணிதவியலாளர் உரி டிரைஸ்மன் கவனித்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. தடுமாறிய பலர் நேர்மையாக, நீண்ட நேரம், ஆனால் தனியாகவே படித்தார்கள். நன்றாகத் தேறிய பலர் முதலில் தனியாகக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். அதை வைத்து அவர் அமைத்த பயிற்சிக் குழுக்களில் எளிமையாக்கிய பாடம் கொடுக்கப்படவில்லை. கடினமான கணக்குகளே கொடுக்கப்பட்டன.

அந்த வரிசைதான் உயிர்நாடி: முதலில் தனியாக, பிறகு கூடி. மூன்று முதல் ஐந்து பேர் போதும். ஆறு பேரானால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு அமர்வுக்கு 90 நிமிடம். எல்லோரும் ஒரே ஆறு கணக்குகளை முன்பே முயன்றுவிட்டு வர வேண்டும். முதல் பத்து நிமிடம் விடைகளை மட்டும் ஒப்பிடுங்கள். எல்லோருக்கும் ஒத்துப்போன கணக்கை விட்டுவிடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம், விடை வேறுபட்ட கணக்குகளுக்கு. இங்கே ஒரு விதியைக் கண்டிப்பாக வையுங்கள்: அந்தக் கணக்கு தெரிந்தவர் எழுதக் கூடாது. தெரியாதவர் பலகையில் எழுத, தெரிந்தவர் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். கடைசி 20 நிமிடம், யாராலும் முடியாதவற்றை ஆசிரியரிடம் கேட்பதற்கான கேள்விகளாக எழுதுங்கள்.

குழு கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். முயலாமலே வருபவரைப் பொறுத்துக்கொள்வது ஒன்று. ஒருவரே எப்போதும் விளக்கி, அது இலவச டியூஷனாக மாறுவது மற்றொன்று. முதலாவதற்கு, தாளைக் காட்டினால்தான் உட்காரலாம் என்று தொடக்கத்திலேயே பேசி வையுங்கள். இரண்டாவதற்குச் சுழற்சி முறை போதும்.

தனி டியூஷன்

முடிச்சு முதல் வகையாகவோ இரண்டாம் வகையாகவோ இருந்து, அது ஆழமாகவும் இருந்தால் தனி ஆசிரியர் பலன் தருவார். நான்காவது வகைக்காக டியூஷன் வைப்பது பண விரயம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை அமர்வு கேளுங்கள். நீங்கள் தவறாகப் போட்ட ஒரு கணக்கை முன்னால் வைத்துவிட்டு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். “எங்கே நின்றாய், ஏன் இப்படி எழுதினாய்?” என்று கேட்பவரிடம் இருங்கள். தாளைத் தள்ளிவைத்துவிட்டு “இதை இப்படிப் போட வேண்டும்” என்று தொடங்குபவர் எவ்வளவு அறிவாளியானாலும் உங்களுக்கு ஏற்றவர் அல்ல. அறுபது நிமிடத்தில் குறைந்தது நாற்பது நிமிடம் பேனா உங்கள் கையில் இருக்க வேண்டும். பாட அறிவைச் சோதிக்க மேலே சொன்ன வைரக் கேள்வியைப் போல, சூத்திரத்தால் பதில் சொல்ல முடியாத ஒன்றைக் கேளுங்கள்.

முதல் நாளே சிலபஸ், பாடப்புத்தகம், ஆசிரியர் பயன்படுத்தும் குறியீடுகள் மூன்றையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒன்று என்று நான்கு அமர்வு முடிந்ததும், அவர் பார்க்காத புதிய பத்துக் கணக்குகளை நீங்களே எடுத்து, தனியாக, 20 நிமிட விதிப்படி போட்டுப் பாருங்கள். முதலில் போட்ட பத்தோடு ஒப்பிட்டு, நின்ற இடம் தள்ளிப் போயிருந்தால் தொடருங்கள். அதே வரியில் நின்றால் அவரிடமே அதைச் சொல்லி முறையை மாற்றக் கேளுங்கள், மாறாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஒப்படைப்பையோ லேப் அறிக்கையையோ எழுதித் தருகிறேன் என்பவரிடமிருந்து அன்றே விலகுங்கள். பிடிபட்டால் பாடத்தோடு போகாது, படிப்பே போகும்.

இணையத்தில் கிடைப்பவை

எம்ஐடி 2001-இல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் பல பாடங்களுக்கு வகுப்புக் குறிப்புகளும் பயிற்சிக் கணக்குகளும் தேர்வுத் தாள்களும் இருக்கின்றன. வீடியோவைவிட அந்தத் தாள்கள்தான் புதையல். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் இலவசப் பாடப்புத்தகங்களைத் தருகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியலோடு 2023 முதல் கரிம வேதியியலும் உண்டு. வேதியியலில் ஆழமாகப் போக லிப்ரெடெக்ஸ்ட்ஸ். இயற்பியலில் ஒரு கருத்துக்கு எதனோடெல்லாம் தொடர்பு என்று ஒரே பார்வையில் காண ஹைப்பர்பிசிக்ஸ். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) கணினிச் செயல்விளக்கங்கள், இரண்டாம் வகை முடிச்சுக்கு மிக நல்லவை. ஆனால் சும்மா ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது. மதிப்பை மாற்றும் முன் என்ன நடக்கும் என்று எழுதிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். இந்திய ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெலில் பட்ட வகுப்பு நிலைக்கு நேராகப் பொருந்தும் விரிவுரைகள் உள்ளன.

வெளி வளங்களைப் பயன்படுத்தும்போது ஒரு பொறியைக் கவனியுங்கள்: மரபு வேறுபாடு. இயற்பியல் புத்தகங்கள் பலவற்றில் அக ஆற்றல் மாற்றம் என்பது வெப்பம் கழித்தல் வேலை. வேதியியல் புத்தகங்களில் வெப்பம் கூட்டல் வேலை. இரண்டும் சரிதான். முதலாவதில் வேலை என்பது அமைப்பு செய்வது, இரண்டாவதில் அமைப்பின் மீது செய்யப்படுவது. இரண்டையும் கலந்து படித்தால் குறி தவறிக்கொண்டே இருக்கும், காரணமும் தெரியாது. உயிரியலில், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கிடைக்கும் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) எண்ணிக்கையைப் பழைய நூல்கள் 36 அல்லது 38 என்கின்றன. புதியவை 30 அல்லது 32. ஒரு என்ஏடிஎச்சுக்கு (எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் மூலக்கூறு) 3 ஏடிபி என்று முன்பு கொண்ட கணக்கு 2.5 ஆக மாறியதே பெரும்பகுதிக் காரணம். இப்படி முரண்பட்டால் உங்கள் பாடப்புத்தகத்தின் மரபைப் பின்பற்றுங்கள். வெளி வளத்தின் ஓரத்தில் மாற்றத்தைக் குறித்து வையுங்கள்.

ஒரு கருத்துக்கு இரண்டு வளங்களுக்கு மேல் தேடாதீர்கள். ஐந்தாவது வீடியோவில் வரும் “ஓ, புரிகிறது” என்ற உணர்வு பெரும்பாலும் பழக்கத்தால் வருவது.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளையும் தீர்வு நூல்களையும் பயன்படுத்தலாம், உங்கள் கல்லூரி விதி அனுமதிக்கும் எல்லைக்குள். கணக்கை ஒட்டி விடை வாங்குவது உதவியே அல்ல. உங்கள் முயற்சியை வரி எண்ணோடு கொடுத்து, “முதல் தவறு எந்த வரியில்? திருத்த வேண்டாம், வரி எண்ணை மட்டும் சொல்” என்று கேளுங்கள். இந்தக் கருவிகள் நீண்ட எண்கணிதத்திலும், மூலக்கூறுப் படங்களிலும், மூலக்கூறின் முப்பரிமாண அமைப்பைச் சொல்லும் ஆர்–எஸ் வடிவக் குறியீட்டிலும் உறுதியான தொனியில் தவறு சொல்லக்கூடியவை. நீங்கள் அழுத்திச் சொன்னால் உங்கள் தவறையும் ஒப்புக்கொள்ளலாம். ஆகவே சரிபார்ப்பு உங்கள் பொறுப்பு. அலகு ஒத்துப்போகிறதா? எல்லை மதிப்பில் பொருள் இருக்கிறதா? உராய்வில்லாத சாய்தளத்தில் கோணம் 0 என்றால் முடுக்கம் 0, கோணம் 90 என்றால் புவியீர்ப்பு முடுக்கம் வர வேண்டும். சைனுக்குப் பதில் கொசைன் போட்ட விடை இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும். தீர்வு நூலைப் பொறுத்தவரை, 20 நிமிட முயற்சிக்குப் பிறகு திறந்து, ஒரே ஒரு வரியைப் பார்த்து, மூடிவிட்டுத் தொடருங்கள்.

உதவி கிடைத்த அன்றே

யாரிடம் உதவி பெற்றாலும் அடுத்து வரும் நாள்களில் செய்வதுதான் அதைத் தங்க வைக்கும். அன்று மாலையே அதே கணக்கை எதையும் பாராமல் முழுதாகப் போடுங்கள். இரண்டு நாள் கழித்து அதே கருத்தில் வேறொன்று. ஒரு வாரம் கழித்து, வேறு அத்தியாயக் கணக்குகளோடு கலந்து இன்னொன்று. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகோ, பாராமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லாம் தெரிந்தது போலிருந்து, தாளில் மறந்துபோவதன் காரணம் இதற்குள் இருக்கிறது.

முதல் தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முடிச்சின் வகையை எழுதுங்கள். எந்த எண் அதிகமோ, அடுத்த மூன்று வார உதவி அதற்கு மட்டும்.

பாதிப் பருவம் கடந்தும் நிலைமை மோசமாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடர் மதிப்பீட்டுக்கு 40, இறுதித் தேர்வுக்கு 60, தேர்ச்சிக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். தொடர் மதிப்பீட்டில் 14 வாங்கியிருந்தால் இறுதியில் 60-க்கு 36 வேண்டும், அதாவது 60 சதவீதம். பழைய கேள்வித்தாளை நேரம் வைத்து எழுதிப் பார்த்து அந்த அளவுக்கு அருகில் வருகிறீர்களா என்று பாருங்கள். வெகு தொலைவில் இருந்தால், பாடத்திலிருந்து விலகிக்கொள்ளும் கடைசித் தேதி எது, விலகினால் உதவித்தொகையும் அடுத்த பருவப் பாடங்களும் என்ன ஆகும் என்று ஆலோசகரிடம் அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். தூக்கம் கெட்டோ உடல்நலம் கெட்டோ படிக்க முடியாத நிலை என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள். கூடுதல் நேரம், மாற்றுத் தேதி போன்ற ஏற்பாடுகள் பல இடங்களில் முன்கூட்டிக் கேட்பவர்களுக்கே கிடைக்கும். விலகுவது என்று முடிவானாலும் நின்ற இடங்களைக் குறித்த தாள்களைப் பத்திரமாக வையுங்கள். பாடத்தை மறுபடி எடுக்கும்போது முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். அந்தத் தாள்களில் கோடு கிழித்த வரிகளிலிருந்து தொடங்கலாம்.